அற்புதம், புதுமை, அரும் அடையாளம்

ஜூலை பிறந்துவிட்டால் பினாங்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வீடுகளில் புக்கிட் மெர்தாஜாம் பேச்சுதான். 26ஆம் தேதி அந்த ஊர்க் கோயிலில், மரியாவின் தாயான புனித அன்னம்மாளின் திருநாள். கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டு வந்த பாட்டி, "அன்னம்மா புதுமை செஞ்சாங்க" என்பார். பேரப்பிள்ளைக்கு அது 'மிராக்கல்'. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் சித்தப்பா, "கர்த்தர் அற்புதம் செய்தார்" என்று சாட்சி சொல்வார். தமிழ்த் திருப்பலியில் யோவான் நற்செய்தி வாசிக்கும்போது காதில் விழுவதோ 'அரும் அடையாளம்'. ஒரே செயலுக்கு இத்தனை சொற்கள்; இவற்றில் எது சரியான தமிழ்?

'மிராக்கல்' லத்தீனிலிருந்து வந்தது. மிராகுலும் என்றால் வியப்புக்குரியது. 'அற்புதம்' வடமொழி அத்புதத்தின் தமிழ் வடிவம். ஒன்பது சுவைகளில் வியப்புச் சுவைக்குப் பெயர். இரண்டுமே பார்த்தவர் மனத்தில் எழுந்ததைச் சொல்கின்றன. செய்தவர் எதற்காகச் செய்தார் என்பது அவற்றில் இல்லை.

'புதுமை' பழைய கோயில் தமிழ், இன்று அது 'புதிது' என்றுதானே பொருள்படும் என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வியப்பை 'மருட்கை' என்கிறது. அது பிறக்கும் இடங்கள் 'புதுமை பெருமை சிறுமை ஆக்கம்' என நான்கு. முதலில் நிற்பதே புதுமை. பாட்டியின் வாயில் இருப்பது அவ்வளவு பழைய வேர்.

ஆனால் விவிலியத்தின் கணக்கு வேறு. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் இதற்கு மூன்று சொற்கள்: துனாமிஸ் (ஆற்றல், வல்ல செயல்), தேராஸ் (வியக்கவைப்பது), செமேயோன் (அடையாளம்). திருத்தூதர் பணிகள் 2:22இல் மூன்றும் சேர்ந்தே வருகின்றன. சீர்திருத்த சபையினர் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு அங்கே 'பலத்த செய்கைகள், அற்புதங்கள், அடையாளங்கள்' என்று பிரித்துக் காட்டுகிறது. கவனிக்க வேண்டியது, வெறும் வியப்பைக் குறிக்கும் தேராஸ் புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் தனியாக வருவதில்லை; எப்போதும் அடையாளத்தோடு இணைந்தே வரும். வியப்பு மட்டும் போதும் என்று அந்த நூல் எங்கும் நினைக்கவில்லை. கைதாகி நின்ற இயேசு ஏதாவது செய்துகாட்டுவார் என்று கலிலேயாவை ஆண்ட ஏரோது ஆசையோடு காத்திருந்தான். அவர் வாய்கூடத் திறக்கவில்லை.

சொல் மாறினால் பொருள் எப்படித் தடுமாறும் என்பதற்கு யோவான் 6:26 போதும். ஐந்து அப்பம் ஐயாயிரம் பேருக்குப் பெருகிய மறுநாள், தேடி வந்த கூட்டத்திடம் இயேசு பேசுகிறார். பழைய மொழிபெயர்ப்பில், 'நீங்கள் அற்புதங்களைக் கண்டதினால் அல்ல', அப்பம் தின்று திருப்தியானதால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று வரும். படிப்பவருக்குக் குழப்பம்: அற்புதத்தைத்தான் கண்ணால் கண்டார்களே, கையால் வாங்கித் தின்றார்களே! கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து செய்து 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் 'அரும் அடையாளங்கள்' என்றிருக்கிறது. இப்போது விளங்குகிறது. அப்பத்தைக் கண்டார்கள், அது யாரைச் சுட்டியது என்பதைக் காணவில்லை. கானா ஊர்த் திருமணத்தில் தண்ணீர் திராட்சை இரசமானதையும் யோவான் இதே செமேயோன் என்ற சொல்லால்தான் குறிக்கிறார்.

பக்கத்து வீட்டு மலாய்ச் சொல்லையும் பார்க்கலாம். மலாய் விவிலியத்தில் 'முக்ஜிசாட்'. அரபு மூலம், 'இயலாமை' என்ற வேரிலிருந்து வந்தது, பிறரை இயலாதவராக்கும் செயல். இது துனாமிஸுக்கு நெருக்கம், செமேயோனுக்குத் தூரம்.

எது சரியான தமிழ் என்று கேட்டால் என் விடை இது. யோவான் நற்செய்தியை விளக்கும்போது 'அரும் அடையாளம்' என்றே சொல்ல வேண்டும். சுருக்கம் வேண்டுமானால் 'அருங்குறி'. மாற்கு, மத்தேயு, லூக்கா பெரிதும் துனாமிஸ் என்பதையே ஆள்வதால் அங்கே 'வல்ல செயல்'. புனிதர் பட்டத்துக்கு ஆராயப்படும் குணமாதல்களுக்கும், அன்னம்மாளிடம் வேண்டிப் பெற்றதைச் சொல்லவும் 'புதுமை' நன்றாகவே பொருந்தும். 'அற்புதம்' சபைகளில் ஊறிப்போன சொல், அதை யாரும் விடப்போவதில்லை, விடவும் வேண்டாம். மறைக்கல்வி வகுப்பில் அந்தச் சொல் வரும்போது மட்டும், அது எதற்கு அடையாளம் என்ற கேள்வியையும் பிள்ளைகளிடம் சேர்த்தே கேட்க வேண்டும்.