எத்தனை மணிக்கு விழுந்தார்? விழுந்த பிறகு கதைத்தாரா?

மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்டவரைக் கொண்டுவரும் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, பிழை யாரில் என்பதைத்தான். குறுக்கே வந்த மாடு, லைட் போடாத உழவு இயந்திரம், முட்டுமாப்போல் வந்த பஸ். திருகோணமலையில் இரவில் றோட்டில் படுத்திருக்கும் மாடுகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம், அது இருக்கட்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் தாதிக்கு முதலில் வேண்டியது தலைப்பில் உள்ள இரண்டு கேள்விகளுக்கும் பதில்தான்.

கதைத்தாரா என்று ஏன் கேட்கிறோம்? 1974இல் கிளாஸ்கோ நகரில் கிரஹம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் என்ற இரு மூளை அறுவை நிபுணர்கள் சுயநினைவை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். இன்று பாவிக்கும் வடிவில் கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. எதுவுமே இல்லாவிட்டாலும் 3. 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம். மெஷின் எதுவும் தேவையில்லை. நாங்கள் திரும்பத் திரும்ப ஆளை எழுப்பிப் பெயரும் ஊரும் கேட்பது இதற்காகத்தான், அலுப்புக் கொடுக்க அல்ல. மூதூர் ஆஸ்பத்திரியில் 14 புள்ளி இருந்தவருக்கு இங்கே திருகோணமலையில் 11 என்றால், ஸ்கேன் எடுக்க முதலே உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று யோசிப்போம்.

நெற்றிப்பொட்டுப் பக்க எலும்பு மெல்லியது. அது வெடித்து உள்ளே ஓடும் இரத்த நாடி கிழிந்தாலும், முதலில் ஆள் எழும்பி இருப்பார், கதைப்பார், வீட்டுக்கும் போய்விடுவார். பிறகு தலையிடி கூடும், சத்தி வரும், நித்திரை அமத்தும். “நல்லாத்தான் கதைச்சவர் மிஸ், இப்பதான் நித்திரையாயிட்டார்” என்று சொல்வார்கள். எங்களை ஓட வைக்கும் வசனம் அது. குடித்திருக்கிறார், படுக்கட்டும் என்று விடுவது இன்னும் மோசம். சாராய மணத்துக்குள் இரத்தக்கசிவு நன்றாக ஒளிந்துகொள்ளும்.

இதில் எங்கள் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பேச்சுக்கான புள்ளி, கேட்பவரின் மொழியையும் பொறுத்தது. தமிழ் மட்டும் தெரிந்த ஈச்சிலம்பற்று ஐயா ஒருவரைக் கண்டிக்கோ அனுராதபுரத்துக்கோ மாற்றுகிறோம் என்று வையுங்கள். சிங்களத்தில் கேட்டதற்கு அவர் முழித்தால், குழம்பியிருக்கிறார் என்று எழுதப்படலாம். கூடப் போகிறவர் வாய் திறந்து, இவருக்குத் தமிழ்தான் தெரியும், வழமையாக இப்படித்தான் கதைப்பார் என்று சொல்ல வேண்டும்.

அடுத்தது நேரம். இரத்தக்கட்டி கரைந்துபோகாமல் காக்கும் டிரனெக்ஸாமிக் அசிட்டை ஜப்பானில் உட்டாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவரும் கண்டுபிடித்து 1962இல் வெளியிட்டார்கள். தலைக்காயத்துக்கு அது உதவுமா என்று 29 நாடுகளில் 12,000க்கு மேற்பட்டோரிடம் சோதித்த கிராஷ்-3 ஆய்வு 2019இல் வந்தது. லேசான, மிதமான காயக்காரரில், அடிபட்டு 3 மணித்தியாலத்துக்குள் கொடுத்தபோது தலைக்காயத்தால் வரும் மரணம் குறைந்தது. மிகக் கடுமையான காயத்தில் அப்படித் தெரியவில்லை. எல்லோருக்கும் போடும் ஊசி அல்ல, டொக்டர்தான் முடிவெடுப்பார். ஆனால் மணி தெரியாவிட்டால் அவர் எதை வைத்து முடிவெடுப்பது? “பின்னேரம் போல” என்பது போதாது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்த அழைப்பு போனில் பதிவாகியிருக்கும், அதைக் காட்டினாலே போதும்.

மூளை வீக்கத்துக்கு ஒரு ஊசியாவது போடுங்களேன் என்று கெஞ்சுவோரும் உண்டு. பல ஆண்டுகளாக ஸ்டீரொய்ட் அப்படித்தான் போடப்பட்டது. 10,008 பேரை வைத்து நடந்த முதல் கிராஷ் ஆய்வு 2004இல் காட்டியது, போட்டவர்களில்தான் இறப்பு அதிகம் என்று. ஆகவே, அதைப் போடாமல் விடுவதும் வைத்தியம்தான்.

வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது வரும் கோபம், “ஏன் இன்னும் அம்புலன்ஸில் ஏத்தேல்ல?” என்பது. 1993இல் ராண்டல் செஸ்நட் குழு அமெரிக்காவில் பார்த்தது இது: மேல் இரத்த அழுத்தம் 90க்குக் கீழே ஒருமுறை இறங்கினாலே, கடும் தலைக்காயக்காரரில் இறப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பிரஷரையும் ஒட்சிசனையும் சரிப்படுத்தாமல் ஹபரணைக் காட்டு வழியே அனுப்பினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வயதானவர்களுக்கு இந்த மணிக்கணக்கு சரிவராது. குளியலறையில் வழுக்கி விழுந்து, பனடோல் போட்டுக்கொண்டு இருப்பார்கள். உள்ளே இரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து, இரண்டு மூன்று கிழமை கழித்துத்தான் நடை தள்ளாடும், பேச்சு மாறும். வயதாகிவிட்டது, மறதி என்று வீட்டார் நினைப்பார்கள். வார்ஃபரின், க்ளொபிடொகிரல், அஸ்பிரின் போன்ற, இரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்துகள் எடுப்பவர்களில் இது இன்னும் எளிதாக நடக்கும். அவர்களைக் கொண்டுவரும்போது கிளினிக் கொப்பியையும் மருந்துப் பையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். போன மாதம் எங்கேயாவது விழுந்தாரா என்று பேரப்பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் மறைத்தது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.