ஓப்பன் ஸ்கூல்ல புள்ளைக்கு எந்த சப்ஜெக்ட்? ஃபார்ம் போடுறதுக்கு முன்னாடி இத படிங்க

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் புள்ளைங்கள வீட்டுலயே வச்சு படிக்க வைக்கிற குடும்பங்களுக்குத்தான் இத எழுதுறேன். சில பேர் விரும்பி எடுத்த முடிவு. சில பேருக்கு எஸ்டேட்டுக்கு சரியா பஸ் இல்ல, வழியில யானை நிக்குது, வேற வழியில்லாம ஆனது. எப்படி இருந்தாலும் பத்தாவது எழுதுற வயசு வந்ததும் முக்காவாசிப் பேர் வந்து சேர்றது என்ஐஓஎஸ்ல தான், நாம ஓப்பன் ஸ்கூல்னு சொல்றது. மத்திய அரசு 1989ல ஆரம்பிச்சது, சிபிஎஸ்இ மாதிரி இதுவும் ஒரு போர்டு. 14 வயசு ஆயிருந்தா பத்தாவது எழுதலாம், பன்னிரண்டாவதுக்கு 15 வயசும் பத்தாவது பாஸும் வேணும். 5 பாடம், அதுல ஒண்ணாவது மொழிப்பாடம், வேணும்னா இன்னும் 2 கூட சேத்துக்கலாம். ரூல் இவ்ளோதான்.

பிரச்சனை எங்கன்னா, அந்த 5 பாடத்த யாரு தேர்ந்தெடுக்குறாங்கங்கிறதுல. பெத்தவங்களும் இல்ல, புள்ளையும் இல்ல, ஃபார்ம் போட்டுக் கொடுக்குற சென்டர்க்காரரு. கோத்தகிரிக்குக் கீழ ஒரு கிராமத்துப் பொண்ணு பன்னிரண்டாவது நல்ல மார்க்ல பாஸ் பண்ணிட்டு நர்சிங் சேரப் போச்சு. ஐடி கார்டுல பாடத்துக்கு நேரா 302, 321, 331, 332, 336னு நம்பர் இருந்துச்சு. வீட்டுல யாருக்கும் அது என்னன்னு தெரியல. 302 இங்கிலீஷ், 321 ஹோம் சயின்ஸ், 331 சோஷியாலஜி, 332 பெயிண்டிங், 336 டேட்டா என்ட்ரி. பிஎஸ்சி நர்சிங்குக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி வேணும், அதாவது 312, 313, 314. ஒண்ணு கூட இல்ல. அம்மா தோட்டத்துல லீவு சொல்லிட்டு சென்டருக்குப் போய்க் கேட்டா, "நர்சிங்னு நீங்க முதல்லயே சொல்லலியேம்மா, பாஸ் ஆகணும்னுதானே கேட்டீங்க"ன்னு பதில். சேரும்போது இதே ஆளு "எந்த சப்ஜெக்ட்டா இருந்தா என்னம்மா, சர்டிபிகேட் ஒண்ணுதான்"னு சொன்னவரு. சர்டிபிகேட் ஒண்ணுதான், ஆனா காலேஜ்ல பாக்குறது அதுல என்ன பாடம் இருக்குன்னு தான.

ஈஸியான பாடத்த போட்டா பாஸ் பர்சென்ட் கூடும், சென்டர் போர்டுல போட்டுக்கலாம். அதுக்காக ஒரு பொண்ணோட ரெண்டு வருஷம் போச்சு.

அதனால சென்டர் வாசல் மிதிக்கிறதுக்கு முன்னாடி வீட்டுல உக்காந்து பின்னாடியில இருந்து யோசிங்க. பன்னிரண்டுக்கு அப்புறம் புள்ள என்ன படிக்கப் போகுது? இன்ஜினியரிங்னா மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. நர்சிங், பார்மசி, மேட்டுப்பாளையத்துல இருக்குற வனவியல் காலேஜ்னா சயின்ஸ் பாடம் இல்லாம முடியாது. பிகாம்னா அக்கவுண்டன்சி எடுத்து வைங்க. இன்னும் முடிவு பண்ணலன்னா பெரிய வாசல் திறந்திருக்குற பாடமா எடுங்க, கஷ்டமா இருந்தாலும் பரவாயில்ல, ஒரு பாடம் போனா அதை மட்டும் திரும்ப எழுதலாம், ரெஜிஸ்ட்ரேஷன் 5 வருஷம் செல்லும். பெயிண்டிங், சைக்காலஜி, டூரிசம் இதெல்லாம் மட்டமான பாடம் இல்ல, புள்ளைக்கு அதுல ஆர்வம் இருந்தா ஆறாவது ஏழாவது பாடமா சேத்துக்குங்க. 5ஐயும் அதுல கொண்டு போய் அடைக்காதீங்க. நீட் எழுத முடியாது, ஓப்பன் ஸ்கூலுக்கு தடைன்னு இன்னும் பயமுறுத்துறவங்க இருக்காங்க, அது பழைய கதை. பயாலஜிய கூடுதல் பாடமா படிச்சிருந்தாக் கூட செல்லும்னு மருத்துவ ஆணையம் 2023 நவம்பர்லயே சொல்லிருச்சு.

பத்தாவதுலயும் இதே கண்ணி இருக்கு. மேத்ஸ் 211, சயின்ஸ் 212, இந்த ரெண்டும் இல்லாமலே பத்தாவது பாஸ் ஆக முடியும், ரூல் விடுது. ஆனா ஐடிஐல எலக்ட்ரீசியன் சேரணும்னா பத்தாவதுல மேத்ஸும் சயின்ஸும் கேப்பாங்க. பையனுக்கு கணக்கு வராது, விட்டுருவோம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இத யோசிங்க. தமிழையும் விடாதீங்க, கோட் 237. வீட்டுல தமிழ் பேசுற புள்ளைக்கு இங்கிலீஷும் ஹிந்தியும் போட்டுக் கொடுத்த ஃபார்ம் பாத்திருக்கேன், ஏன்னு கேட்டா சென்டர்ல தமிழ் புக் இல்லியாம். தமிழ்நாட்டு அரசு வேலைக்குப் போனா தமிழ் தெரியும்னு காட்ட வேண்டி வரும், பத்தாவதுல தமிழ் இருந்தா அந்த அலைச்சல் இல்ல. அரசு வேலை தான் குறின்னா இன்னொண்ணு, அந்த வேலை அறிவிப்புல ஓப்பன் ஸ்கூல் பத்தி என்ன போட்டிருக்குன்னு முதல்ல படிங்க, இடிக்குற மாதிரி இருந்தா மாநில போர்டுலயே தனித்தேர்வரா எழுத வைங்க. அங்க பாடத் தேர்வெல்லாம் கிடையாது, அஞ்சும் கட்டாயம்.

அடுத்தது எட்டாவது டிசி. வீட்டுலயே படிச்ச புள்ளைக்கு ஏது டிசி? "அது இல்லாம சேக்க முடியாது, நாங்களே ஒண்ணு ஏற்பாடு பண்ணித் தர்றோம், கொஞ்சம் செலவாகும்"னு ஒரு பேச்சு வரும். வாங்கிராதீங்க. பத்தாவது சேர எட்டாவது பாஸ் சர்டிபிகேட் இல்லன்னா, பாடம் படிக்கிற அளவுக்கு அறிவு இருக்குன்னு சுயமா எழுதிக் கொடுக்குற உறுதிமொழி போதும். போலி டிசிய உள்ள வச்சா என்னைக்கு வேணா மாட்டும், அன்னைக்கு மாட்டுறது சென்டர்க்காரர் இல்ல, உங்க புள்ள. பிறந்த தேதிக்கு பர்த் சர்டிபிகேட் கையில இருக்கணும், ஆதார்ல இருக்குற பேரும் அதுல இருக்குற பேரும் இனிஷியல் உட்பட ஒண்ணா இருக்கான்னு பாருங்க, இல்லன்னா முதல்ல இ-சேவை போய் சரி பண்ணிட்டு வாங்க. எஸ்சி எஸ்டிக்கும் பொண்ணுங்களுக்கும் ஃபீஸ் கம்மி. இருளர், பணியர், குறும்பர் புள்ளைங்ககிட்ட சாதி சான்று இல்லாததால முழு ஃபீஸ் வாங்கின கதை இங்க இருக்கு. எஸ்டி சான்று தாசில்தார் கொடுக்குறதில்ல, கோட்டாட்சியர் ஆபீஸ்ல தான் வரும், அது நாளாகும், அதனால அட்மிஷன் ஆரம்பிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே போட்டு வைங்க. ஃபீஸ் எவ்ளோன்னு வெப்சைட்லயே இருக்கு, சென்டர் கேக்குற தொகைய அது பக்கத்துல வச்சுப் பாருங்க, வித்தியாசம் எதுக்குன்னு கேளுங்க. நீங்களே நேரா ஆன்லைன்ல ஃபார்ம் போடலாம், நடுவுல ஆளு வேணும்னு எந்த ரூலும் இல்ல.

சயின்ஸ் எடுத்தா ப்ராக்டிகல் உண்டு. தியரியும் ப்ராக்டிகலும் தனித்தனியா பாஸ் ஆகணும், ரெண்டுலயும் 33 சதவீதம். ஃபார்ம்ல ஸ்டடி சென்டர் தேர்ந்தெடுக்கும்போது அங்க லேப் இருக்கான்னு நேர்ல போய் பாத்துட்டு போடுங்க, போன்ல "இருக்குங்க"ன்னு தான் சொல்லுவாங்க. தேர்வு மையம் கோயம்புத்தூர்ல விழ வாய்ப்பு அதிகம். ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் எக்ஸாம் நடக்கும், அக்டோபர் நவம்பர்ல நம்ம குன்னூர் மேட்டுப்பாளையம் ரோடு மண்ணு சரிஞ்சு எப்ப மூடும்னு யாருக்குத் தெரியும். கூடலூர், பந்தலூர் புள்ளைங்களுக்கு இன்னும் தூரம். முடிஞ்சவரைக்கும் ஏப்ரல் எடுங்க. சீசன் கூட்டம் இருக்கும், ஆனா ரோடு இருக்கும். எப்படினாலும் முந்தின நாளே கீழ இறங்கிருங்க.

டிஎம்ஏன்னு ஒரு அசைன்மென்ட், மார்க்ல 20 சதவீதம் அதுக்கு. அதுக்கு கடைசித் தேதி எக்ஸாமுக்கு பல மாசம் முன்னாடியே முடிஞ்சிரும். "நாங்க பாத்துக்குறோம்"னு சென்டர்ல சொன்னா நம்பி இருக்காதீங்க, லாகின் பாஸ்வேர்ட வாங்கி நீங்களே ஏறிருக்கான்னு பாருங்க. பாஸ்வேர்ட கொடுக்க மறுக்குற சென்டர்ல ஒரு நிமிஷம் கூட நிக்காதீங்க.

பத்தாவது முடிச்ச அடுத்த வருஷமே பிளஸ் டூன்னு நோட்டீஸ் ஒட்டிருப்பாங்க. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவுல 2 வருஷம் இடைவெளி இருக்கணும், அதுக்குள்ள எழுதினா 4 பாடம் தான் விடுவாங்க, அஞ்சாவது அப்புறம் தான். காசு மட்டும் மொத்தமா வாங்கிருவாங்க.

இப்ப அரசுப் பள்ளியில படிச்சிட்டு இருக்குற புள்ளைய நிறுத்தி வீட்டுல வைக்கலாம்னு யோசிக்கிறவங்க கொஞ்சம் நில்லுங்க. மெடிக்கல், இன்ஜினியரிங்ல 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறாவதுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்ல காலேஜ் படிக்கும்போது மாசம் 1000 ரூபா வர்றதுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு அரசுப் பள்ளி கணக்கு, இல்லன்னா அரசு உதவி பெறுற பள்ளியில தமிழ் வழி. நடுவுல ஓப்பன் ஸ்கூலுக்கு மாறினா இது எல்லாம் போச்சு. சேத்து விடுற யாரும் இத வாய் திறந்து சொல்ல மாட்டாங்க.

கடைசியா காலேஜ் கவுன்ட்டர். "டிசி எங்க?"ன்னு கேப்பாங்க. மார்க் ஷீட்டோட மைக்ரேஷன் கம் டிரான்ஸ்ஃபர் சர்டிபிகேட்னு ஒண்ணு வரும், அது தான் டிசி, அதக் காட்டுங்க, கிளார்க் தலைய ஆட்டினா பிரின்சிபல பாருங்க. கவுன்சிலிங்ல தமிழ்நாட்டுலயே பள்ளி படிச்சதுக்கு சான்று கேப்பாங்க, வீட்டுல படிச்ச புள்ளைகிட்ட அது இருக்காது, அதுக்குப் பதிலா நேட்டிவிட்டி சர்டிபிகேட் வேணும். இ-சேவைல போட்டு விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு சுத்தி வரணும், ரிசல்ட் வந்த அப்புறம் ஓடினா எல்லாரும் அதே வாரம் அங்க நிப்பாங்க. பன்னிரண்டாவது எக்ஸாமுக்கு முன்னாடியே வாங்கி வச்சிருங்க.