நுரை பார்த்துத் தூண்டில் போடுதல்

இலங்கையின் வடகிழக்கில் இருக்கும் முல்லைத்தீவுக் கரைக்குப் புதிதாகத் தூண்டிலோடு வருகிறவர்கள் பெரும்பாலும் தோள் நோக நோக ஈயத்தை எட்டிய மட்டும் வீசுகிறார்கள். மீனோ பலவேளை அதற்கு இந்தப் பக்கம், இடுப்பளவுத் தண்ணீரில் மேய்ந்துகொண்டிருக்கும். எந்த இடத்தில் என்பதை அலையே காட்டிக்கொடுக்கும்.

கரையை நெருங்கும் அலையின் அடி தரையில் பட்டதும் வேகம் குறைகிறது. பின்னால் வரும் தண்ணீர் நெருக்க, உயரம் கூடுகிறது. ஆழம் அலையின் உயரத்தைப்போல ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும்போது அலை கவிழ்ந்து நுரைக்கிறது. ஆக, 1 மீற்றர் உயர அலை தள்ளி ஓரிடத்தில் உடைந்தால் அங்கே ஆழம் ஒன்றேகால் மீற்றர் சொச்சம்தான். அடியில் மணல் திட்டு இருக்கிறது. அதைத் தாண்டிய அலை நுரையடங்கி, தண்ணீர் கருமை தட்டி, கரையோரத்தில் மறுபடி உடைகிறதா? அந்தக் கருமையான பட்டைதான் பள்ளம். தூண்டில் விழவேண்டிய இடம் அது.

கரையில் ஏறி இறங்கும் அலை ஒவ்வொரு தடவையும் மணலைக் கிளறுகிறது. மணலுக்குள் இருக்கும் புழு, மட்டி, சிறு நண்டு எல்லாம் வெளியே வந்து, திரும்பும் தண்ணீரோடு உருண்டு பள்ளத்தில் சேர்கின்றன. கிளக்கன் மீன் மூஞ்சியால் மணலைக் கிண்டித் தின்னும். சின்ன மீன்களைத் துரத்திக்கொண்டு பாரையும் கட்டாவும் வரும். கலங்கிய தண்ணீரில் கண் அவ்வளவு உதவாது. ஆனால் மீனின் உடம்போடு ஓடும் பக்கக்கோடு தண்ணீரின் சிறு அசைவையும் உணரும், மூக்கு இரையின் வாசத்தைப் பிடிக்கும். அதனால்தான் பழைய இறாலைவிடப் புது இறாலுக்கும், வெட்டிய சூடை மீனுக்கும் கணவாய்த் துண்டுக்கும் மதிப்பு.

திட்டைத் தாண்டி உள்ளே வந்த தண்ணீர் எப்படியாவது வெளியே போக வேண்டும். திட்டில் எங்கே வெட்டு இருக்கிறதோ அங்கே ஒன்றுகூடி ஓடும். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் நுரையில்லாமல் தண்ணீர் சாந்தமாகத் தெரிந்தால், கலங்கல் கடல் பக்கமாக நீண்டு போனால், அதுதான் அந்த வாசல். இரையும் அதன் வழியே போவதால் பெரிய மீன் அதன் ஓரத்தில் காத்திருக்கும். தூண்டிலுக்கு அருமையான இடம், குளிக்க மிக மோசமான இடம். அந்த ஓட்டம் சிலவேளை வினாடிக்கு 2 மீற்றரையும் தாண்டும். ஒலிம்பிக் நீச்சல்காரர் 100 மீற்றர் நீந்தும் வேகமே ஏறத்தாழ அவ்வளவுதான். அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டும். என்னைக் கேட்டால், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கித் தூண்டில் போடவே தேவையில்லை.

வெளிநாட்டு வீடியோக்களில் வற்று, பெருக்கு அட்டவணையைப் பற்றியே பேசுவார்கள். நம் கரையில் அதற்கு அவ்வளவு பலம் கிடையாது. இலங்கையைச் சுற்றிப் பெரிய பெருக்கிலும் நீர்மட்ட வித்தியாசம் 1 மீற்றரைத் தொடாது. காற்றைத்தான் பார்க்க வேண்டும். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, தரையைக் கடந்து கடலுக்குப் போகும். அலையைத் தணிக்கும், வீசிய ஈயத்துக்கும் கைகொடுக்கும். வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, நேரே கரையை அறையும். அதன் உச்சத்தில் வீட்டில் இருப்பது நல்லது. ஆனால் மாரி மழையில் நந்திக்கடல், நாயாறு ஆகிய களப்புகளின் முகத்துவாரங்களில் மணல் உடைந்து களப்புத் தண்ணீர் கடலில் இறங்கும்போது இறாலும் குஞ்சு மீனும் சேர்ந்து வெளியேறும். கடல் கொஞ்சம் அடங்கிய நாளில் அந்த வாயோரம் தனிக் கதை. சோளகத்தில் இன்னொன்று: கரையில் நின்று இழுக்கும் கரைவலையும் அப்போதுதான். வலை இழுக்கும் இடத்துக்குள் தூண்டில் போடாமல், அங்கே நிற்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, சாமான்கள். 3 முதல் 3.6 மீற்றர் தடி போதும். தடியின் நீளம் கூட நுனியின் வேகம் கூடும், அதை வளைக்கும் பலம் கையில் இருந்தால். தங்கூசி (தூண்டில் நைலோன் நூல்) மெல்லியதாக இருந்தால் காற்றின் தடை குறைந்து தூரம் போகும், ஓட்டமும் குறைவாக இழுக்கும், 0.35 மில்லிமீற்றர் தொடங்க நல்லது. ஆனால் வீசும் கணத்தில் அந்த மெல்லிய தங்கூசியில்தான் முழு இழுவையும் விழுகிறது. அறுந்தால் ஈயம் ஆளைக் கொல்லக்கூடிய வேகத்தில் பறக்கும். அதனால் நுனியில், தடியைப்போல இரண்டு மடங்கு நீளத்துக்குத் தடித்த தங்கூசி முடிவார்கள். 30 கிராம் ஈயத்துக்கு 5 கிலோ பலம் என்பது பொதுக்கணக்கு. 90 கிராமுக்கு 15 கிலோ. உருண்டை ஈயம் ஓட்டத்தோடு உருளும், கூம்பு ஈயம் மணலில் குத்தி நிற்கும். உருளுவது எப்போதும் குறையல்ல. பள்ளத்தின் வழியே இரை மெல்ல நகர்ந்தால் மீனும் அதைத் தேடி வரும்.

விடியலும் பொழுதுபடும் நேரமும் நல்லவை. மங்கிய வெளிச்சத்தில் வேட்டை மீன்கள் கரைக்கு நெருங்கி வரத் துணியும்.

கெளிறு மீன் பட்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். முதுகிலும் இரு பக்கச் செட்டைகளிலும் நஞ்சு முள் உண்டு. குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 பாகை செல்சியஸ் வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை வைத்திருந்தால் நோவு தணியும். வெப்பத்தில் அந்த நஞ்சின் புரதம் சிதைவது அதற்குக் காரணமாக இருக்கலாம். மரத்த கைக்குச் சூடு தெரியாது, ஆகவே மற்றக் கையை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். முள் முறிந்து உள்ளே நின்றால் ஆசுப்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.