ஒரே துணியில் இரண்டு தரப்பு

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இதுவரை 4,000-க்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் உருவாகியிருக்கின்றன. அவற்றில் பல, சுவரில் நேரடியாக வரையப்பட்டவை அல்ல. ஓவியர் தன் படத்தை ஐந்தடிச் சதுரங்களாகப் பிரித்து, ‘பாராசூட் துணி’ எனப்படும் மெல்லிய துணியில் கோடுகளாக இறக்கிவிடுகிறார். கோடுகளுக்கு நடுவே எண்கள்; ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு நிறம். தூரிகையைத் தொட்டே அறியாதவரும் மேசைமுன் உட்கார்ந்து நிரப்பலாம். காய்ந்த துணிகளை அக்ரிலிக் பசை தடவிச் சுவரில் ஒட்டிவிட்டால் இணைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

கண்டபடி சுவரில் கிறுக்கும் இளைஞர்களை வழிக்குக் கொண்டுவர, 1984-ல் நகர நிர்வாகம் எடுத்த முயற்சியிலிருந்து வளர்ந்த திட்டம் இது. துணியைச் சுருட்டி எங்கும் எடுத்துப் போகலாம் என்பதால் ஓவியம் சிறைக்குள்ளும் நுழைந்தது. கிரேட்டர்ஃபோர்டு உயர்பாதுகாப்புச் சிறையின் கைதிகளும், குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களும் சேர்ந்து உருவாக்கிய ‘ஹீலிங் வால்ஸ்’ (ஆற்றும் சுவர்கள்) 2004-ல் முடிந்தது. தண்டனை, மன்னிப்பு என்று பேச்சு வந்தபோது இரு தரப்பும் முட்டிக்கொண்டன. கடைசியில் சுவரேறியவை இரண்டு ஓவியங்கள்: கைதிகளின் பயணம் ஒன்று, பாதிக்கப்பட்டோரின் பயணம் மற்றொன்று. இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். கைகுலுக்கும் இரண்டு கைகளை வரைந்து பூசி மெழுகியிருந்தால் யாருக்கும் எதுவும் விளங்கியிருக்காது.

வெறுமனே சந்திக்க வைத்தால் பகை குறையாது, கூடவும் செய்யலாம். உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதற்கு நிபந்தனைகள் சொன்னார்: சந்திப்பில் இரு தரப்புக்கும் சம மதிப்பு, பொதுவான இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவு. எண் போட்ட துணியை இந்தக் கண்ணோடு பாருங்கள். 7 என்று எழுதிய இடத்தில் நீலத்தைப் பூசப் படிப்போ பணமோ வேண்டாம். பேராசிரியரும் கைதியும் ஒரே வேகத்தில்தான் பூசுவார்கள். பக்கத்துச் சதுரம் முடியாமல் படம் முழுமையாகாது. 2006-ல் உளவியலாளர்கள் பெட்டிகுரூ, டிராப் இருவரும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இத்தகைய தொடர்பு பொதுவாக முன்தீர்மானங்களைக் குறைப்பது தெரிந்தது. குறைவின் அளவு மிதமானதுதான், ஆனால் நிபந்தனைகள் கூடிய இடத்தில் சற்று அதிகம்.

பேச்சின் பங்கு தனி. உளவியலாளர் ஆர்தர் ஆரோன் 1997-ல் வெளியிட்ட சோதனையில், முன்பின் அறியாதவர்கள் இருவர் இருவராக 45 நிமிடம் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டனர். கேள்விகள் மெல்ல மெல்ல அந்தரங்கமாகிக்கொண்டே போனவர்கள், ஊர்க்கதை பேசியவர்களைவிட நெருக்கமாக உணர்ந்தார்கள். இருவரும் மாறி மாறி, சிறிது சிறிதாகத் திறப்பதில்தான் சூட்சுமம். வண்ணம் பூசும் மேசை இதற்குத் தோதானது என்பது என் எண்ணம். கண் துணியில் இருக்கும், கை வேலையில் இருக்கும். பேச்சு நின்றால் யாருக்கும் சங்கடமில்லை. நேருக்கு நேர் நாற்காலி போட்டு ‘உங்கள் வலியைச் சொல்லுங்கள்’ என்றால் எத்தனை பேருக்கு வாய் திறக்கும்?

எல்லாக் கலையும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. இங்கிலாந்தில் வயதுவந்தோர் கல்வி வகுப்புகளை ஏழு மாதம் கவனித்து 2015-ல் வெளியான ஆய்வில், சேர்ந்து பாடியவர்கள் முதல் மாதத்திலேயே ஒட்டிக்கொண்டார்கள். கைவினையும் எழுத்தும் பயின்றவர்களுக்கு நாள் பிடித்தது. ஏழாம் மாதத்தில் அவர்களும் பின்தங்கவில்லை. ஒரு நாள் பயிலரங்குக்குப் பாட்டு, ஆண்டு முழுக்க நடப்பதற்குத் தூரிகை என்று வைத்துக்கொள்ளலாம்.

இத்தகைய தொடர்பின் எல்லை எங்கே என்பதைக் காட்டியது கலை அல்ல, கால்பந்து. ஐஎஸ் பயங்கரத்தால் இடம்பெயர்ந்த ஈராக்கியக் கிறிஸ்தவர்களில் சிலரை முஸ்லிம் வீரர்களோடு ஒரே அணியில் ஆடவிட்டு, ஆய்வாளர் சல்மா மூசா 2020-ல் முடிவுகளை வெளியிட்டார். ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு பயிற்சிக்கு வந்தவர்கள் இந்தக் கலப்பு அணிக்காரர்களிடையே அதிகம். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மோசூலுக்குப் போய் ஓர் உணவகத்தில் சாப்பிடும் விஷயத்தில், கிறிஸ்தவர்கள் மட்டுமே ஆடிய மற்ற அணிக்காரர்களுக்கும் இவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை.