புதுக் காரைப் பழக்குவது எப்படி?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பௌலிங் கிரீன் என்று ஓர் ஊர். 1981 முதல் செவ்ரலே நிறுவனத்தின் கார்வெட் என்னும் அதிவேகக் கார்கள் இங்கேதான் தயாராகின்றன. ஆலைக்குப் பக்கத்திலேயே கார்வெட்டுக்கென்று தனி அருங்காட்சியகம் இருக்கிறது. 2014 பிப்ரவரியில் தரை உள்வாங்கி எட்டு கார்களை விழுங்கியதே, அந்தக் கட்டடம்தான். புதுக் கார்வெட் வாங்குபவர் கூடுதல் பணம் கட்டினால், ஊர் டீலரிடம் போகாமல் இந்த அருங்காட்சியகத்துக்கே வந்து சாவியை வாங்கிக்கொள்ளலாம்.

சிகாகோக்காரர் ஒருவர் அப்படி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஏறத்தாழ 650 கி.மீ. ஓட்ட வேண்டும். கையில் இருப்பதோ மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் பறக்கக்கூடிய வண்டி. ஆனால் கூடவே வரும் கையேட்டைப் பிரித்தால் ஒரே 'கூடாது' மயம். முதல் 320 கி.மீ. வரை பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. முதல் 800 கி.மீ. வரை ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தக் கூடாது, இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டக் கூடாது. பந்தயத் தடம் பக்கம் 2,400 கி.மீ. வரை போகவே கூடாது. ஓட்டுபவரை முழுதாக நம்பாமல், முதல் 800 கி.மீ.க்கு முதல் இரண்டு கியர்களில் இன்ஜினின் இழுவிசையைக் காரின் கணினியே குறைத்துவிடுகிறது.

நம் ஊரில் இது தெரியாத சங்கதி இல்லை. பைக் இன்ஜினைப் போர் பண்ணிப் புதுப் பிஸ்டன் போட்டுக் கொடுக்கும் மெக்கானிக், "500 கிலோமீட்டருக்கு மெதுவா ஓட்டுங்க சார்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுப்பார். ஒரு காலத்தில் புதுக் கார்களின் பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். சரி, கணினி வைத்து நுண்ணிய அளவில் கடைந்த இன்றைய இன்ஜினுக்கும் எதற்கு இந்தப் பத்தியம்?

பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயான சிலிண்டரின் உட்சுவரில் இருக்கிறது விடை. பார்வைக்கு அது பளபளவென்று இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் மெல்லிய கீறல்கள் தெரியும். ஆலையில் சாணைக்கல் வைத்துத் தேய்த்து வேண்டுமென்றே போடுகிற கீறல்கள் இவை. ஹோனிங் என்று பெயர். அம்மி கொத்துவது மாதிரிதான் இதுவும். வழுவழுப்பான அம்மியில் மிளகாய் வழுக்கிக்கொண்டு போகும், அரைபடாது. வழுவழுப்பான சிலிண்டரில் எண்ணெய் தங்காது. கீறல்களின் பள்ளத்தில்தான் எண்ணெய் நிற்கும். மேடுகளின் மேல், பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங் உரசி ஓடும்.

ரிங், சிலிண்டர் இரண்டும் தனித்தனியாகச் செய்யப்பட்டவை. எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் ஒன்றின் மேடும் மற்றதன் மேடும் சரியாகப் பொருந்திவிடாது. அந்த மேடுகளின் நுனியை ஒன்றையொன்று உரசிச் சீவிக்கொள்ள விட்டால்தான் ரிங் சுற்றிலும் சுவரோடு ஒட்டி உட்காரும். இந்தக் கடைசிக் கடைசல் வேலையை ஆலை முழுதாக முடித்துத் தருவதில்லை. மிச்சத்தை வண்டி சாலையில் ஓடித்தான் முடித்துக்கொள்ள வேண்டும். ரிங் சரியாக உட்காராவிட்டால் எரிந்த வாயு கீழே கசியும், எண்ணெய் மேலே ஏறிப் புகையாகும். 'வண்டி ஆயில் குடிக்கிறது' என்போமே, அந்த நிலைதான்.

"அப்படியானால் மெதுவாகவே ஓட்டிவிடுகிறேன்" என்று மாட்டுவண்டி வேகத்தில் உருட்டினால் அதுவும் தப்பு. ரிங்குக்கு இயல்பாக இருக்கும் வில்விசை சொற்பம். அதைச் சுவரோடு உண்மையில் அழுத்துவது எரியும் வாயுதான். வெடிப்பின் அழுத்தம் ரிங்குக்கும் பிஸ்டனுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் புகுந்து, ரிங்கை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினால் அந்த அழுத்தம் வராது. மேடுகள் சீராகச் சீவப்படாது. எண்ணெய் தீய்ந்து பள்ளங்களில் படிந்து, சுவர் கண்ணாடி போல் ஆகிவிடும். அதற்கப்புறம் இன்ஜினைப் பிரித்து மறுபடி அம்மி கொத்த வேண்டியதுதான்.

இதை வைத்துத்தான் 'முதல் நாளே விரட்டி ஓட்டு, ரிங் நன்றாக உட்காரும்' என்று ஒரு கட்சி வாதாடுகிறது. பாதி உண்மை. அழுத்தம் தேவை என்பது சரி. சுற்று வேகம் தேவை என்பது சரியில்லை. 6.2 லிட்டர் கார்வெட் இன்ஜினில் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் 92 மி.மீ. ஏறி இறங்குகிறது. நிமிடத்துக்கு 6,600 சுற்று என்றால் அதன் சராசரி வேகம் நொடிக்கு 20 மீட்டர். நடுவே நொடிக்கு 220 தடவை சட்டென்று நின்று திசை திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் உலோகத்தின் மேல் விழும் நிலைம விசை, சுற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 4,000 சுற்றில் நிறுத்திக்கொண்டால் அந்த விசை உச்சத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதனால் நடுத்தரச் சுற்றில், கொஞ்சம் அழுத்தமாகவே மிதித்து, விட்டு, மறுபடி மிதித்து ஓட்டுவதுதான் என் பார்வையில் சரியான வழி. ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகப் போவது இதற்கு உதவாது. சிகாகோக்காரர் அவ்வப்போது நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஊர்ச் சாலைகளில் போவது நல்லது. வண்டியைத் தானாகவே ஒரே வேகத்தில் ஓட்டும் க்ரூஸ் கன்ட்ரோலைத் தொடாமல் இருப்பது அதைவிட நல்லது.

இன்னொன்று, குளிர்ந்த இன்ஜின். இந்த இன்ஜினில் பிஸ்டன் அலுமினியம், சிலிண்டரின் உள்ளுறை வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டும் சூடாகி அதனதன் அளவுக்கு வந்த பிறகுதான் இடைவெளி சரியாக இருக்கும். நின்ற இடத்திலேயே ஓடவிட்டுச் சூடாக்குவதைவிட நிதானமாக ஓட்டிச் சூடாக்குவதே மேல்.

சீவிய மேடெல்லாம் எங்கே போகும்? எண்ணெயில்தான். புது ஆட்டுக்கல்லில் முதலில் தவிட்டைப் போட்டு ஆட்டிக் கொட்டிவிட்டு, அப்புறம்தானே அரிசி போடுவார்கள்? பி.எம்.டபிள்யூ தன் அதிவேக 'எம்' ரகக் கார்களை முதல் 2,000 கி.மீ.யில் பட்டறைக்கு வரச்சொல்லி, இன்ஜின் எண்ணெயோடு பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் எண்ணெயையும் மாற்றுவது இதற்காகத்தான். அங்கேயும் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று சீவிக்கொண்டிருக்கும்.

பிரேக்கின் கதை வேறு. அங்கே தேய்ப்பதைவிடப் பூசுவதுதான் முக்கியம். புதுத் தோசைக்கல்லை எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்துப் பழக்குவோம். அதிலும் முதல் தோசை பிய்ந்துதான் வரும். பிரேக் தட்டும் அப்படித்தான். தட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டையான பேடிலிருந்து மெல்லிய படலம் ஒன்று சூட்டில் பெயர்ந்து இரும்புத் தட்டின் மேல் சீராகப் படிய வேண்டும். அப்புறம் பேடின் பொருள் தட்டிலுள்ள தன் படலத்தையே பற்றி இழுக்கும். பிடிப்பும் ஒரே சீராகும். புதுப் பேடில் உள்ள பிசின் கடும் சூட்டில் வாயு விடுவதும் உண்டு. அது இடையில் புகுந்தால் பிடிப்பு திடீரென்று குறையும். கொதிக்கிற பிரேக்கை அழுத்திக்கொண்டே சிக்னலில் நின்றால் இன்னொரு வம்பு: பேட் இருக்கும் இடத்தில் மட்டும் திட்டாகப் படிந்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிரேக்குக்கும் ஸ்டியரிங் நடுங்கும்.

டயரில் கவனிக்க வேண்டியது வானிலை. இந்த ரகக் கார்களுக்குப் பெரும்பாலும் கோடைக்கால டயர்தான். அதன் ரப்பர் வெயிலில் சாலையைக் கவ்விப் பிடிக்கும், குளிரில் விறைத்துப்போகும். ரப்பரின் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் நெளிய முடியாத அளவுக்கு உறையத் தொடங்கும். மைனஸ் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வண்டியை நகர்த்தினாலே டயர் விரிசல் விடலாம். கென்டக்கியிலிருந்து வடக்கே ஜனவரியில் ஓட்டிப் போக நினைப்பவர் டெலிவரி தேதியைத் தள்ளிப்போடலாம், அல்லது எல்லாப் பருவத்துக்குமான டயரைக் கேட்டு வாங்கலாம்.

காரைக் கையில் வாங்குமுன் கொடுப்பவரிடம் சொல்லிவைக்க வேண்டியது ஒன்று உண்டு: "வண்டியைக் கழுவாதீர்கள்." கேட்க விநோதமாக இருக்கும். அவசரத்தில் தூசித் துணியால் துடைத்தால், சில பத்து மைக்ரான் தடிமனே உள்ள மேற்பூச்சில் ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள் விழும். அவை நாலாபக்கமும் தாறுமாறாகத்தான் ஓடும். ஆனால் வெளிச்சத்துக்குக் குறுக்காக விழுந்த கீறல் மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பும். அதனால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி சிலந்திவலை பின்னியது போல வட்டவட்டமாகத் தெரியும். கருப்புக் காரை மதிய வெயிலில் பார்த்தால் புரியும்.

வீட்டில் செய்ய வேண்டியவை சில. பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே கார் 1.93 மீட்டர் அகலம், கராஜ் கதவை அளந்துகொள்ளலாம். முகப்பு தரையை ஒட்டி இருக்கும். விருப்பப்பட்டால் கிடைக்கும் தூக்கி, முகப்பை ஏறக்குறைய மூன்று நொடியில் 40 மி.மீ. உயர்த்தும். முகப்பு இடிக்கக்கூடிய 1,000 இடங்கள் வரை ஜி.பி.எஸ். வழியாக நினைவில் வைத்துக்கொண்டு தானாகவே தூக்கும். கராஜில் பேட்டரி சார்ஜர் ஒன்றும் வேண்டும். கார் தூங்கினாலும் அதன் கணினிகள் முழுக்கத் தூங்குவதில்லை. வெறும் 30 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட மாதத்துக்கு 22 ஆம்பியர்-மணி கரைந்துவிடும். பனிக்காலம் முழுக்க நிறுத்திவைத்தால் வசந்தத்தில் வண்டி கிளம்பாது.

அருங்காட்சியகத்துக்கு அருகில், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், அதே அமைப்பின் பந்தயத் தடம் இருக்கிறது. 2014-இல் திறந்தார்கள். சாவி வாங்கிய கையோடு அங்கே ஒரு சுற்று போகக் கால் அரிக்கத்தான் செய்யும். கையேட்டின் கணக்கோ 2,400 கி.மீ. நம் சிகாகோக்காரர் வீட்டுக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி வந்தால் 2,600. அப்போது தாராளமாக உள்ளே விடலாம்.