பெருக்கலா, கூட்டலா: காருக்கு எந்த எல்எஸ்டி?

1989-ல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 காரில் 1.6 லிட்டர் எஞ்சின். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (எல்எஸ்டி) கேட்டவர்களுக்கு விஸ்கஸ் வகையைக் கொடுத்தார்கள். 1994 மாடலில் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது விஸ்கஸை எடுத்துவிட்டு டார்சன் வகைக்கு மாறினார்கள். ஒரே கார்தான், ஆனாலும் ஏன் மாற்றினார்கள்? அது புரிந்தால் நம் காருக்கு எது பொருந்தும் என்பதும் பிடிபட்டுவிடும்.

வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடுவதுதான் டிஃபரன்ஷியலின் வேலை. வழுக்குகிற சக்கரத்துக்கே எல்லாச் சக்தியும் போய்விடுகிறது என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் எப்போதும் சமமான முறுக்குவிசையைத்தான் கொடுக்கிறது. சிக்கலே அதில்தான். மணலில் நிற்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டருக்கு (முறுக்குவிசையின் அலகு) மேல் தாங்காமல் வழுக்கும் என்றால், நல்ல தார்ச்சாலையில் நிற்கும் இன்னொரு சக்கரத்துக்கும் அதே 100தான். 1930களின் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களில், மணிக்கு 160 கி.மீ. வேகத்தில்கூட ஒரு பின்சக்கரம் வீணாகச் சுழன்றது. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1935-ல் இதற்குத் தீர்வு கேட்டு ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்திடம் போனார்.

இன்று கிடைக்கும் எல்எஸ்டி வகைகளைப் பார்க்கும்போது எனக்கு உதவுவது ஒரே கேள்வி: இது கூட்டுகிறதா, பெருக்குகிறதா?

டார்சன், குவைஃப் போன்ற கியர் வகைகள் பெருக்குகின்றன. சுமை ஏறும்போது உள்ளே இருக்கும் சாய்பல் கியர்கள் உறையோடு அழுந்தி உராய்கின்றன. அந்த உராய்வு பிடிப்புள்ள பக்கத்துக்கு விசையைத் தள்ளுகிறது. பெருக்கும் விகிதம் 2.5 என்று வையுங்கள். மணலில் 100 என்றால் தார்ச்சாலைப் பக்கம் 250 வரை போகும். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை, தேய்ந்துபோகும் பிளேட்டுகளும் இல்லை. ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால்? பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வாகனத்தில் இருப்பதும் டார்சன்தான். அப்படிச் சிக்கினால் ஆக்சிலரேட்டரோடு பிரேக்கையும் லேசாக மிதிக்கும்படி ஓட்டுநர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தொங்கும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தும்போது பெருக்குவதற்கு ஒரு எண் கிடைத்துவிடுகிறது. எவ்வளவு அழகான யோசனை!

கிளட்ச் பிளேட் வகை கூட்டுகிறது. ஸ்பிரிங் எப்போதும் பிளேட்டுகளை அழுத்தியே வைத்திருக்கும். அந்த அழுத்தம் 80 நியூட்டன் மீட்டர் என்றால், தொங்கும் சக்கரத்தில் பூஜ்யம் இருந்தாலும் மறுபக்கம் 80 கிடைக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சரிவுப் பள்ளத்தில் இருக்கும் குறுக்குத்தண்டு மேலேறி பிளேட்டுகளை இன்னும் இறுக்கும். முடுக்கும்போது மட்டும் இறுகுவது ஒன்-வே. காலை எடுக்கும்போதும் அதே அளவு இறுகுவது டூ-வே. டிரிஃப்ட் ஓட்டுபவர்கள் (வளைவில் பின்சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு ஓட்டுபவர்கள்) இதைத்தான் விரும்புகிறார்கள். இடைப்பட்டது ஒன்றரை-வே. இதற்கு ஒரு விலை உண்டு. பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் பின்னால் கடகடவென்று சத்தம் வரும், எண்ணெயில் உராய்வு குறைக்கும் கலவை சேர்க்க வேண்டும், பிளேட்டுகள் தேய்ந்தால் பிரித்து மாற்ற வேண்டும்.

சரி, விஸ்கஸ்? பிளேட்டுகளுக்கு நடுவே கெட்டியான சிலிகான் திரவம். இரண்டு பக்கத்துக்கும் வேக வித்தியாசம் வந்த பிறகுதான் அது எதிர்க்கும். அதாவது சக்கரம் வழுக்கிய பின்னரே விழித்துக்கொள்ளும். நாளாக ஆக திரவமும் சோர்ந்துவிடும். டார்சனோ ஆக்சிலரேட்டரை மிதித்த கணத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். மஸ்டா செய்தது சரியான மாற்றம் என்பேன்.

முன்சக்கர இழுவைக் காரில் கிளட்ச் வகை ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். அங்கே கியர் வகையே இதம். 2002-ல் வந்த ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ்-ல் குவைஃப் இருந்தது. பாறையிலும் பள்ளத்திலும் ஏறுகிறவர்களுக்கோ சக்கரம் தொங்குவது தினசரி சங்கதி. அவர்களுக்கு எல்எஸ்டி போதாது, முழுக்கப் பூட்டும் லாக்கர் வேண்டும். 2020 மஹிந்திரா தாரின் சில மாடல்களில் பின் ஆக்சிலில் வந்தது அதுதான். தினமும் சாலையில் ஓடி, எப்போதாவது டிராக்குக்குப் போகும் பின்சக்கர இழுவைக் காருக்கு என் ஓட்டு கியர் வகைக்கே.

வாங்கும் முன் உங்கள் டிஃபரன்ஷியலின் அளவையும் பார்த்துவிடுங்கள். 1.6 எம்எக்ஸ்-5-ல் கிரவுன் வீல் (டிஃபரன்ஷியலைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) 6 அங்குலம், 1.8-ல் 7 அங்குலம். அதனால் 1.8-ன் டார்சனைத் தனியே கழற்றி 1.6-ன் ஹவுசிங்குக்குள் (வெளி உறை) வைக்க முடியாது. ஹவுசிங், ஆக்சில் தண்டுகள், எஞ்சின் சக்தியைப் பின்னால் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாமே சேர்ந்து மாற வேண்டும். டர்போ பொருத்தும் எண்ணம் இருந்தால் எப்படியும் அதைத்தான் செய்ய வேண்டியிருக்கும், ஏனென்றால் அந்த 6 அங்குல கியர் அதிக விசையைத் தாங்காது.