சர்க்கரைகடத்தி: சொல் விளக்கம்

செல் சவ்வுக்கு நடுவில் இருப்பது கொழுப்பு. குளுக்கோஸ் மூலக்கூறோ நீரோடு ஒட்டி உறவாடும் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஐந்தைச் சுமந்து நிற்பது. கொழுப்புக்குள் அது தானாக நுழையாது. அதை உள்ளே எடுத்துவிடுவதற்கென்றே சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் சர்க்கரைகடத்திகள்.

முதலில் 'சர்க்கரை'. வடமொழியில் 'சர்க்கரா' என்றால் பரல், சிறுகல். அப்புறம்தான் படிகமாக உறைந்த இனிப்புக்கு அந்தப் பெயர் வந்தது. பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய் 'சுகர்' ஆனதும், கிரேக்கம் வழியாக 'சாக்கரைடு' ஆனதும் இதே சொல்தான். ஆகவே மோனோசாக்கரைடை 'ஒற்றைச் சர்க்கரை' என்பது வேரளவிலேயே பொருந்துகிறது. 'குளுக்கோஸ்' வேறு வழி: 1838-இல் பிரெஞ்சு அறிவியலில் வைத்த பெயர், இனிப்பையும் புதுத் திராட்சைச் சாற்றையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தது. அதை அப்படியே வைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்து 'கடத்தி'. நட – நடத்து, கிட – கிடத்து என்பதுபோல, கட – கடத்து. தான் கடப்பதல்ல, இன்னொன்றைக் கடக்கச் செய்வது. 'டிரான்ஸ்போர்ட்டர்' என்பதன் லத்தீன் வேரும் 'அக்கரைக்குச் சுமந்து செல்' என்பதே. செய்தித்தாளில் 'கடத்தல்' என்றால் ஆளையோ தங்கத்தையோ கடத்துவது என்று ஆகிவிட்டது. இயற்பியலில் செம்புக் கம்பியும் கடத்திதான். இந்தக் குழப்பத்துக்குப் பயந்து சொல்லைக் கைவிட வேண்டியதில்லை, முன்னால் 'சர்க்கரை' நின்றால் போதும்.

சந்தி பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரையைக் கடத்துவது என்று விரிவதால் இது இரண்டாம் வேற்றுமைத் தொகை. நடுவில் 'க்' மிகாது. சுமைதாங்கி எப்படியோ, அப்படியே சர்க்கரைகடத்தி. கடத்தியாகிய புரதம் என்று நீட்டும்போது மட்டும் 'கடத்திப் புரதம்'.

'வாய்க்கால்', 'துளை' என்று இவற்றைக் குறிப்பிடுவது எனக்கு ஒப்பாது. அயனி வாய்க்கால் திறந்தால் நொடிக்குக் கோடி அயனிகள்கூடப் பாயும். குளுட்1 என்ற சர்க்கரைகடத்தி நொடிக்கு ஆயிரம் என்ற அளவில்தான் குளுக்கோஸை அனுப்புகிறது. காரணம், அது திறந்து கிடக்கும் வழி அல்ல. சவ்வைப் 12 முறை ஊடுருவி மடிந்திருக்கும் அந்தப் புரதம் முதலில் வெளிப்பக்கம் வாய் திறந்து நிற்கிறது. குளுக்கோஸ் வந்து நடுவில் பொருந்தியதும் வெளிவாய் மூடி, உள்வாய் திறக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதில்லை. ஆள் பார்த்து விடுவதும் உண்டு: இயற்கையில் கிடைக்கும் டி-குளுக்கோஸை ஏற்கும், அதன் கண்ணாடிப் பிம்பமான எல்-குளுக்கோஸை ஏறத்தாழத் தொடவே தொடாது.

மனிதனில் குளுட் குடும்பத்தில் 14 புரதங்கள் உள்ளன. குளுட்1 சிவப்பணுவிலும் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பிலும் மிகுதி. குளுட்5 ஃபிரக்டோஸுக்கானது. தசையிலும் கொழுப்புச் செல்லிலும் உள்ள குளுட்4 பெரும்பாலும் செல்லுக்குள் சிறு பைகளில் பதுங்கியிருக்கும். இன்சுலின் சமிக்ஞை வந்த பிறகே திரளாகச் சவ்வுக்கு ஏறும்.

இவற்றில் ஏறத்தாழ அனைத்தும் சர்க்கரை மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கே கடத்தும். இதற்கு ஆற்றல் செலவில்லை. பாடநூல்கள் 'எளிதாக்கப்பட்ட பரவல்' என்கின்றன. உள்ளே வந்த குளுக்கோஸோடு பெரும்பாலான செல்கள் உடனே ஒரு பாஸ்பேட்டைச் சேர்த்துவிடுவதால் அது வந்த வழியே திரும்ப முடிவதில்லை, உள்ளே செறிவும் ஏறுவதில்லை.

சரி, குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு ஏற்ற வேண்டுமென்றால்? அங்கே வேறு குடும்பம் வேண்டும், வேறு பெயரும் வேண்டும். சோடியம் அயனி உள்ளே பாயும் விசையைப் பற்றிக்கொண்டு சர்க்கரையையும் சேர்த்து இழுக்கும் இவற்றை 'இணைக்கடத்தி' என்கிறேன். (இணையாகக் கடத்துவதால் இங்கே 'க்' மிகும்.) உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-இல் பிராகில் முன்வைத்த கருத்து இது. சுருக்கப் பெயர் எஸ்ஜிஎல்டி. குடலில் உள்ள எஸ்ஜிஎல்டி1 இரண்டு சோடியத்துக்கு ஒரு குளுக்கோஸ் என்ற கணக்கில் ஏற்றும். சோடியத்தைத் திரும்ப வெளியேற்றும் பம்ப்தான் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவிடுகிறது. இணைக்கடத்தி நேரடியாகச் செலவிடுவதில்லை.

குடல் செல் ஒன்றிலேயே இரு வகையும் வேலை செய்கின்றன: உணவு இருக்கும் பக்கத்தில் இணைக்கடத்தி உள்ளே ஏற்றும், ரத்தம் இருக்கும் பக்கத்தில் குளுட்2 வெளியே விடும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பலிப்பதும் இதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2002 கலவையில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம், அதே அளவு குளுக்கோஸ். இரண்டும் சேர்ந்து உள்ளே போக, நீர் பின்தொடர்கிறது.

சிறுநீரகத்தில் வடிகட்டிய குளுக்கோஸில் பெரும்பகுதியை மீட்பது எஸ்ஜிஎல்டி2. டாபாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மருந்துகள் இதை மறிப்பதால் சர்க்கரை சிறுநீரோடு வெளியேறுகிறது. இவற்றுக்கு 'சர்க்கரைத் தடுப்பான்' என்று பெயர் வைப்பது தவறு. தடுக்கப்படுவது சர்க்கரையல்ல, அதைக் கடத்தும் புரதம். 'இணைக்கடத்தித் தடுப்பான்' என்றே எழுதலாம்.